நம்பரக்காவின் நாற்காலி

அந்தச் சலவையகத்தில் நாற்காலிகள் மொத்தமே இரண்டு. ஒன்று முதலாளியுடையது. காலை ஒன்பது மணிக்கு அதில் உட்கார்ந்தால் பத்தரைக்குள் அவர் தூங்கிவிடுவார். இன்னொன்று நம்பரக்காவுடையது. மீதி இருபத்திரண்டு பேரும் நின்றபடியே பிழைப்பவர்கள். அதனால் நம்பரக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூட நாலு பேர் கண் அந்த நாற்காலி மேல்தான் இருக்கும். அவளுக்கும் அது தெரியும். போகும்போது கைப்பையை அதில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

நம்பரக்கா என்பது சலவையகம் வைத்த பெயர். சம்பளப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அதை வாய்விட்டுக் கூப்பிட்டவர்கள் யாரும் அங்கே இல்லை.

அவளுடைய வேலை துணிக்கு எண் போடுவது. தெருப் பக்கத்து அறையில் துணி வந்து இறங்கும். அங்கிருந்து கூடை கூடையாக அவள் மேஜைக்கு வரும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். சட்டையென்றால் காலரின் உள்பக்கம், கால்சட்டையென்றால் இடுப்புப் பட்டியின் உள்பக்கம், விரிப்பென்றால் ஒரு மூலை என்று பார்த்து, அழியாத மையில் அந்த எண்ணை எழுத வேண்டும். மை தெரியாத கறுப்பு, சிவப்புக் கோட்டுகளுக்கு வெள்ளை நாடாத் துண்டில் எழுதி ஊக்கால் உள்ளே குத்திவிட வேண்டும். துவைத்து, தேய்த்து, கடைசியில் பார்சல் அறைக்குத் துணி போனதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்னாருடையது என்று பிரிப்பார்கள். எண் மட்டும் இல்லையென்றால் ஊரில் பாதிப் பேர் மீதிப் பேருடைய சட்டையில்தான் திரிய வேண்டியிருக்கும்.

இருபத்தெட்டு வயதில் அவள் இங்கே வந்தபோது தேய்க்கும் அறையில்தான் சேர்ந்தாள். ஒன்பது வருஷம் ஆவியில் நின்று இரண்டு முட்டியையும் தொலைத்தாள். கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை முதலாளியிடம் காட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அவள் அதிர்ஷ்டம், எண் போட்டுக்கொண்டிருந்தவர் அந்த மாதமே வேலையை விட்டுப் போனார். அவளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நாற்காலி கிடைத்தது. வீட்டுக்காரர் லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத் திரும்புகிறவர், வரும்போது கையில் பணம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாதவர். பள்ளிக் கடைசி வருஷம் படிக்கும் ஒரு மகள். ஆக, நாற்காலி இருந்தால் அவளுக்கு வேலை உண்டு, வேலை இருந்தால் அந்த வீடு உண்டு. இதற்கு மேல் அவள் வாழ்க்கையில் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை.

இப்படிப் பத்து வருஷம் ஓடியபிறகுதான் கோர்ஸ் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர் அவர். மூன்று மாத நிர்வாகக் கோர்ஸ் ஒன்றை முடித்திருந்தார். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவருக்கே சரியாக ஞாபகம் இல்லை. எதை ஆரம்பித்தாலும் "கோர்ஸ்ல எங்களுக்குச் சொன்னாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். கோர்ஸ் முடிந்த குஷியில் மனைவியோடு ஒரு பெரிய விடுதியில் இரண்டு நாள் தங்கியிருக்கிறார். அங்கே குளியலறைத் துண்டின் ஓரத்தில் M, C, L, X என்று பொன்னிற நூலில் நீளமாக ஏதோ தைத்திருந்தது. அது ரோமன் எண் என்று மனைவி சொன்னாள். அது விடுதி ஆரம்பித்த வருஷமா, துண்டின் வரிசை எண்ணா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்பது கோர்ஸில் இல்லை போலிருக்கிறது.

திரும்பி வந்த மறுநாளே எல்லோரையும் தேய்க்கும் அறையில் கூட்டினார். சாதாரண எண் போட்டால் வாடிக்கையாளர் தன்னைக் கைதியாக நினைத்துக்கொள்கிறார், ரோமன் எண் போட்டால் ராஜாவாக நினைத்துக்கொள்வார், ராஜாக்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டது அதைத்தானே என்று விளக்கினார். ராஜாக்கள் அதைக் காலருக்குள்ளேயா எழுதிக்கொண்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆவி இயந்திரம் சீறிக்கொண்டிருந்ததால் பாதிப் பேருக்கு அவர் சொன்னது காதிலும் விழவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் நம்பரக்காவுக்கு நன்றாக விழுந்தது. இருபது நாளில் பரீட்சை. ரோமன் எழுதத் தெரிந்தால் அவள் எண் மேஜையிலேயே இருக்கலாம். தெரியாவிட்டால் பழையபடி தேய்க்கும் அறை. அந்த மேஜைக்கு ஆள் தயாராக இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா மகள் தெருப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே ரசீது போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பெண்தான். அவளுக்கும் கால் வலிக்கத்தானே செய்யும்.

அன்று சாயங்காலம் நம்பரக்கா மகள் முன்னால் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தாள். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வினாத்தாளில் பகுதி I, பகுதி II, பகுதி III என்று போட்டிருப்பதைக் காட்டினாள். மூன்று வரைக்கும் நம்பரக்காவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கோடு கோடாகப் போட்டுக்கொண்டே போகலாம், இதற்கா பயந்தோம் என்றுகூட நினைத்தாள். நாலில் வந்து தலை சுற்றியது.

"நாலு கோடு போட்டா என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டாள்.

"மூணுக்கு மேல போடக் கூடாதும்மா. ரோமாபுரிக்காரங்க வச்ச சட்டம்."

"அவங்க துணியை யாரு துவைச்சாங்க?"

மகளின் பாடப் புத்தகத்தில் அது இல்லை.

பெரிய எழுத்துக்குப் பின்னால் சின்ன எழுத்து நின்றால் கூட்ட வேண்டும், முன்னால் நின்றால் கழிக்க வேண்டும் என்று மகள் சொல்லிக் கொடுத்தாள். நம்பரக்கா இரண்டு நாள் அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்றாம் நாள் சலவையகத்தில் முதலாளி ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பார்க்க முதலாளிக்கு ஒரு கம்பீரம் கூடித் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை முன்னால் வந்து நின்று தானே பேச ஆரம்பித்தார். முதலாளி அப்படியே அரை ஆளாகச் சுருங்கிப் போனார். நம்பரக்காவுக்குப் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. மடியில் இருந்த தலையணை உறையிலேயே VI என்றும் IV என்றும் எழுதிப் பார்த்தாள். உறை பாழாய்ப் போனது, ஆனால் பாடம் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. ஐம்பதுக்கு L, நூறுக்கு C, ஐந்நூறுக்கு D. பஸ்ஸில் போகும்போது கடைகளின் கதவு எண்களை மனசுக்குள் மாற்றினாள். வீட்டில் துணி உலர்த்தும்போது கிளிப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து எழுபத்தாறு செய்தாள். பாதியில் மகள் வந்து இரண்டு கிளிப்பை எடுத்து வேறு துணிக்கு மாட்டினால், "அறுபத்தாறு ஆயிடுச்சு பாரு" என்று சண்டைக்குப் போனாள். ஒரு நாள் சைபரை எப்படி எழுதுவது என்று கேட்டாள். ரோமனில் சைபரே கிடையாது என்றாள் மகள். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றையும் எழுதாமல் விட்டுவிடுவார்களாம். நம்பரக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. சொல்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் மாப்பிள்ளையும் அப்படி விட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

பரீட்சை எண் மேஜையிலேயே நடந்தது. மாப்பிள்ளை உள்ளங்கையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒளித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். அதில் இருபது வரைக்கும் முழுசாகவும் அதற்கு மேல் பத்துப் பத்தாகவும் எழுதியிருந்தது. பதினேழு கேட்டார், எழுதினாள். அறுபது கேட்டார், எழுதினாள். தைரியம் வந்து, காகிதத்தில் இல்லாத நாற்பத்தொன்பதைக் கேட்டுவிட்டார். அவள் XLIX என்று எழுதினாள்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். ஐம்பதுக்கு முன்னால் ஒன்றை வைத்தால் முடிந்தது, IL என்று எழுத வேண்டியதை இவ்வளவு நீட்டி எழுதுவது தப்பு என்றார். கூடி நின்றவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. நம்பரக்காவுக்கு நாற்காலி அடியில் நழுவுகிற மாதிரி இருந்தது. ஆனால் இருபது நாள் படிப்பு சும்மா இருக்க விடவில்லை.

"ஒண்ணு போய் அம்பது முன்னாடி நிக்க முடியாதுங்க சார்" என்றாள். "அஞ்சு முன்னாடி நிக்கலாம், பத்து முன்னாடி நிக்கலாம். அவ்வளவு பெரிய ஆள் முன்னாடி போய் நிக்க அதுக்குத் தகுதி பத்தாது."

தேய்க்கும் அறைப் பக்கமிருந்து யாரோ இருமினார்கள். இருமல் மாதிரிதான் இருந்தது. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா மகள் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அக்கா எழுதினதுதான் சரி" என்று சொல்லிவிட்டாள். நல்ல பெண் என்று சொன்னேனே. மாப்பிள்ளை ஒரு நொடிகூட முகம் மாறவில்லை. அவருக்கும் அது தெரியுமாம், அக்கா உறுதியாக நிற்கிறாளா என்று சோதித்தாராம். கோர்ஸில் அப்படித்தான் செய்வார்களாம். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ரோமன் இருக்கற வரைக்கும் இந்தச் சீட் உங்களுக்குத்தான். சாதா நம்பர்னா அதை யார் வேணா எழுதிடலாம்."

நம்பரக்கா முதல் பாதியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் இரண்டாம் பாதி உறைத்தது. அதற்குப் பிறகு அந்த வாக்கியம் அவளை விடவே இல்லை.

ரோமன் ஆட்சி தொடங்கியது. எண்பத்தெட்டாம் வாடிக்கையாளருக்கு LXXXVIII என்று எட்டு எழுத்து. சட்டைக் காலரில் அது எப்படியோ அடங்கிவிட்டது, கைக்குட்டையில் ஓரம் முழுக்க ஓடியது. முந்நூற்று முப்பத்தெட்டாம் வீட்டில் ஒரு கைக்குழந்தை. அதன் தொப்பிக்குள் CCCXXXVIII ஒரு சுற்று சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே முட்டியது. இன்னொரு பக்கம், சுருக்கமான எண் வைத்திருப்பது பெரிய மனிதருக்கு அடையாளம் என்று ஊருக்குள் எப்படியோ பரவிவிட்டது. நூறாம் எண்ணுக்கு ஒற்றை C போதும் என்று தெரிந்ததும் அதைக் கேட்டு மூன்று டாக்டர்கள் சிபாரிசோடு வந்தார்கள். ஐந்தாம் எண்ணை வைத்திருந்த தையல்காரரிடம் ஒரு ஜவுளிக் கடைக்காரர் நேரிலேயே போய்ப் பேரம் பேசினார். தையல்காரர் மசியவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பெரிய மனிதர் அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார், சட்டென்று விட்டுக்கொடுக்க அவருக்கு என்ன பைத்தியமா.

சலவையகத்தில் ரோமன் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நம்பரக்காதான். மாப்பிள்ளைக்கு இருபதுக்கு மேல் தகராறு. இயந்திரத்துக்காரர்கள், தேய்க்கிறவர்கள், வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் எல்லோரும் துணியைத் தூக்கிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்து நின்றார்கள். "அக்கா, இது எத்தனைக்கா?" அவள் உட்கார்ந்தபடி சொன்னாள். அவர்கள் நின்றபடி கேட்டுக்கொண்டு போனார்கள். முதல் வாரம் பொறுமையாகச் சொன்னாள். இரண்டாம் வாரம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். மூன்றாம் வாரம், "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுச் சொன்னாள். வீட்டில் கிளிப்பை வைத்துக்கொண்டு திண்டாடியதெல்லாம் யாருக்கோ நடந்த மாதிரி ஆகிவிட்டது. அதிகாரம் இவ்வளவு சீக்கிரம் ஒருத்திக்குப் பழகும் என்று அவளே எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

எல்லோரையும்விட அதிகமாக வந்து கேட்டவன் பார்சல் தம்பி. தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை. நாற்பத்திரண்டு வயது, பாதித் தலை நரை, பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்கள். தேய்த்து வந்த துணியை எண் பார்த்துப் பிரித்து, மடித்து, காகிதத்தில் கட்டுவது அவன் வேலை. முன்பெல்லாம் எண்ணைப் பார்க்காமலே சொல்வான், இது தலைமை ஆசிரியர் சட்டை, இது மருந்துக் கடைக்காரர் வேட்டி என்று. அதற்கு மாப்பிள்ளை வேட்டு வைத்துவிட்டார். பார்சல் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் எழுதி மாட்டினார்: எண்ணை நம்பு, கண்ணை நம்பாதே.

எண்பத்தெட்டாம் எண்ணின் காலுறைகள் ஒரு நாள் வந்தன. ஒரே காலுறையில் எட்டு எழுத்தும் பிடிக்கவில்லை என்று நம்பரக்கா ஒன்றில் LXXX என்றும் மற்றதில் VIII என்றும் எழுதினாள். இடது கால் எண்பதாம் வீட்டுக்கும் வலது கால் எட்டாம் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. புகார் வந்தது. தப்பு தன்னுடையது என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரியும். ஆனாலும், "ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும்னு தெரியாதா தம்பி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் அவள் மேஜைக்கு வருவதை நிறுத்திவிட்டான். தன் மூத்த பெண்ணிடம் ஒரு தாளில் எண்களை எழுதி வாங்கிவந்து மேஜைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டு தானே படிக்க ஆரம்பித்தான்.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் நம்பரக்காவுக்குக் கண்ணில் பட்டது. கோட்டுக்குக் குத்தும் நாடா ஊக்கிலேயே சுழன்று தலைகீழாகிவிடும். IX என்று எழுதியது தலைகீழானால் XI. அதாவது ஒன்பது பதினொன்றாகிவிடும். பழைய எண்களில் ஆறுக்கும் ஒன்பதுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அதற்காக அவள் அடியில் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுவாள். இதிலும் போடட்டுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டாள். எண்ணே கோடு, அதற்கு அடியில் வேறு கோடா என்று அவர் மறுத்துவிட்டார். சரி, பார்சல் தம்பியிடமாவது சொல்லி வைக்கலாம் என்று நினைத்தாள். பார்சல் அறை இருபது அடி தூரம். அவன் வந்து கேட்டால் சொல்லலாம், இப்போதுதான் பெரிய படிப்பாளி ஆகிவிட்டானே என்று விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் எண் ஒரு வக்கீல். பதினொன்றாம் எண் கல்யாண பாண்டு வாத்தியத்தில் ஊதுகுழல் ஊதுகிறவர். இரண்டு பேருடைய கோட்டும் ஒரே நாளில் சலவைக்கு வந்தன. வக்கீலுடையது கறுப்பு. வாத்தியக்காரருடையது ரத்தச் சிவப்பு, தோளில் பொன் குஞ்சம், நெஞ்சில் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்.

திங்கட்கிழமை காலை கோர்ட் வாசலில் வைத்து வக்கீலின் ஜூனியர் பார்சலைப் பிரித்தார். சிவப்புக் கோட்டு பளபளவென்று வெளியே வந்தது. வக்கீல் அதைப் போட்டுக்கொண்டு வாதாட முடியாது, கோட்டே இல்லாமலும் வாதாட முடியாது. வழக்கு ஒரு வாரம் தள்ளிப் போனது. கட்சிக்காரர் உள்ளேயே இருந்தார். வாத்தியக்காரரோ அதற்கு முந்தின நாள் கறுப்புக் கோட்டோடு கல்யாண ஊர்வலத்தில் போயிருக்கிறார். பெண் வீட்டார் அதை அபசகுனம் என்று பாதி வழியில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டிருக்கிறார்கள். பத்தரைக்கு இரண்டு பேரும் சேர்ந்தாற்போலச் சலவையகத்துக்கு வந்து போட்ட சத்தத்தில் முதலாளி தூக்கம் கலைந்து எழுந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் அவர் விழித்திருந்தது அன்றுதான்.

விசாரணை எண் மேஜை அருகே நடந்தது. நாடாக்களை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஊக்கில் தலைகீழாகச் சுழன்றிருந்தன. முதலாளி பார்சல் தம்பியைக் கேட்டார், வக்கீல் கோட்டுக்கும் வாத்தியக்காரர் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கா கண் கெட்டுப்போனது என்று.

"தெரிஞ்சுதுங்கய்யா. கையில எடுத்ததுமே தெரிஞ்சுது" என்றான் அவன். "கண்ணை நம்பாதேன்னு சுவத்துல எழுதியிருக்கே."

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை, இது முறையில் உள்ள குறை இல்லை, ஆளில் உள்ள குறை என்றார். கோர்ஸில் குறையை எப்போதும் ஆளிடம்தான் தேடச் சொல்வார்களாம். முதலாளி அதில் சமாதானம் ஆகவில்லை. தூக்கம் போன எரிச்சலிலோ என்னவோ, அன்று அவருக்குப் புத்தி நன்றாக வேலை செய்தது. நம்பரக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். இந்த எழுத்தால வந்த குழப்பம்தானே இது? பழைய நம்பருக்கே போயிட்டா என்ன?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பார்சல் தம்பியும் பார்த்தான். அவன் கெஞ்சவில்லை, சும்மாதான் பார்த்தான். ஆமாங்கய்யா என்று ஒரு வார்த்தை போதும், அவன் வேலை தப்பித்துவிடும். நாடா சுழலும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும் என்று இன்னொரு வார்த்தை சொன்னால் விசாரணையே முடிந்துவிடும். அவள் வாயைத் திறந்தாள். கம்ப்யூட்டர் பக்கத்தில் சித்தப்பா மகள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றது கண்ணில் பட்டது. சாதா நம்பர்னா அதை யார் வேணா எழுதிடலாம்.

"எழுத்துல குழப்பம் ஒண்ணும் இல்லைங்கய்யா" என்றாள். "நான் எழுதினது சரியாத்தான் இருக்கு. படிக்கிறவங்க சரியாப் படிக்கணும்."

சொன்னபோது குரல் தெளிவாகவே வந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

மத்தியானத்துக்குள் பார்சல் தம்பியின் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவன் அவள் மேஜையைக் கடந்துதான் போக வேண்டும். வேகமாகப் போயிருக்கலாம். அவன் நின்றான்.

"வர்றேன்கா."

"சரி தம்பி" என்றாள். எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காததற்கு முட்டி என்று ஒரு காரணம் இருந்தது. அவன் போனபிறகு எடுத்த சட்டைக் காலரில் என்ன எண் எழுத வேண்டும் என்றே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை அவளைத் தேடி வந்தார். முகத்தில் ஒரே பெருமை. ராத்திரி முழுக்க யோசித்தாராம். குறை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டாராம். அக்கா நேற்று சொன்னதுதான் சரி, எழுதுவதில் பிரச்சினையே இல்லை, படிப்பதில்தான் எல்லாப் பிரச்சினையும். எழுதுவதற்கு என்ன, கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினால் ரோமன் வந்து நிற்கிறது, பார்த்து எழுதினால் போயிற்று. அதைத் தங்கச்சி செய்துவிடுவாள். படிப்பதற்குத்தான் ஆள் வேண்டும். தலைகீழாக வந்தாலும் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். "இந்த மொத்தக் கட்டடத்துல உங்களை விட்டா வேற யாரு இருக்கா அக்கா?" என்றார்.

பார்சல் அறைக்கு அவளை மாற்றியிருந்தார்.

நம்பரக்கா டாக்டர் சீட்டைப் பற்றிச் சொன்னாள். முதலாளியின் இழுப்பறையில் இருக்கிறது என்றாள். மாப்பிள்ளை இழுப்பறையைத் திறந்து தேடியும் பார்த்தார். இருந்தது, எழுத்து மங்கி. இரண்டே மாதம் சமாளியுங்கள், வேறு யாருக்காவது சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்றார். அவள் முதலாளி முகத்தைப் பார்த்தாள். மணி பத்து முப்பத்தைந்து. அவர் கண் மூடியிருந்தது.

சித்தப்பா மகள் தயங்கித் தயங்கித்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். மன்னிச்சிக்கங்கக்கா என்றுகூடச் சொன்னாள். நம்பரக்கா நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

பார்சல் மேஜை நெஞ்சு உயரம். விரிப்புகளை முழுசாக விரித்து மடிப்பதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். முக்காலி போட்டு உட்கார்ந்தால் மேஜை எட்டாது, மேஜை எட்ட வேண்டுமானால் நிற்க வேண்டும். பதினொரு மணிக்கு வலது முட்டி ஆரம்பித்தது. பன்னிரண்டுக்கு இடது முட்டியும் சேர்ந்துகொண்டது. துணிகள் வந்துகொண்டே இருந்தன. CXLIV, LXXII, CCVII. அவள் ஒன்றைக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை. மேஜைக்கு மேலே பார்சல் தம்பி தாள் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. தரையில், மேஜைக்கு நேர் கீழே, சிமெண்டு இரண்டு பாதம் அளவுக்கு வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தது. அவள் கால்களும் தாமாகவே அங்கேதான் போய் நின்றன.

பதினாலு வருஷம் அவன் இங்கே நின்றிருக்கிறான். தன் முட்டியைப் பற்றி அவனிடம் எத்தனையோ நாள் சொல்லி அழுதிருக்கிறாள். உனக்குக் கால் வலிக்குதா என்று ஒரு நாள்கூட அவள் அவனைக் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் என்றால் அவன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியாது. அடுத்த கூடை வந்து இறங்கியது, அவள் குனிந்து எடுத்தாள்.